பத்து மைக்ரோலிட்டர் ரத்தத்தின் செலவுக் கணக்கு

விழியின் நடுவே நிறைந்திருக்கும் ஜெல்லி சுமார் 4 மில்லிலிட்டர். ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. அதில் 98 விழுக்காடு தண்ணீர். மிச்சம் கொஞ்சம் கொலாஜன் இழையும் ஹயலுரானிக் அமிலமும். இந்த 4 மில்லிக்குள் 10 மைக்ரோலிட்டர் ரத்தம் கலந்தாலே, முகத்துக்கு எதிரே ஆட்டுகிற கை நிழலாகத் தெரியும் அளவுக்குப் பார்வை இறங்கிவிடலாம் என்பது விழித்திரை மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. கண் சொட்டு மருந்தின் ஒரு சொட்டு ஏறக்குறைய 50 மைக்ரோலிட்டர். அப்படியானால் இது சொட்டில் ஐந்தில் ஒரு பங்கு. ஜெல்லியின் கொள்ளளவில் நானூறில் ஒரு பங்கு. அணுக்களாக எண்ணினால்தான் விஷயம் விளங்கும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சுமார் 50 லட்சம் சிவப்பணுக்கள் இருக்கின்றன. பத்து மைக்ரோலிட்டருக்கு 5 கோடி. வெளிச்சம் விழித்திரைக்குப் போகிற ஒரே பாதையில் அத்தனையும் மிதந்துகொண்டிருக்கும்.

வலி இருக்காது. கண் சிவக்காது. காலையில் எழும்போது ஒரு கண்ணில் புகை மூட்டம், கருப்பு நூல் நூலாக ஏதோ ஓடுவது, சிலருக்குச் செந்திரை. வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்குக் கண் நன்றாகவே இருப்பதால், வீட்டில் முதல் சில நாட்கள் ‘சூடு’ என்றும் ‘பிரஷர்’ என்றும் சொல்லியே கழியும். அந்தச் சில நாட்களும் இந்தக் கணக்கில் வரும்.

எத்தனை பேருக்கு இப்படி நடக்கிறது? அடிபடாமல் தானாக விழிக்குள் ரத்தம் கசிவது ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 7 பேருக்கு என்பது மேலை நாடுகளில் எடுத்த விகிதம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 7.21 கோடிப் பேர். பெருக்கினால் ஆண்டுக்கு 5,000 பேருக்குச் சற்று மேல். ஆனால் இதைத் தரைமட்ட எண்ணாகவே கொள்ள வேண்டும். கசிவுக்கு முதல் காரணம் முற்றிய சர்க்கரை நோய் விழித்திரைப் பாதிப்பு. பல ஆய்வுகளில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிக்கு மேல் வரை அதன் கணக்கில்தான் சேர்கிறது. சர்க்கரையிலோ நாம் முன்வரிசை. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் (INDIAB) ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. நாட்டின் சராசரி 11.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 14.4.

2022இல் வெளியான ஸ்மார்ட் இந்தியா ஆய்வு, 40 வயது தாண்டிய சர்க்கரை நோயாளிகளில் 12.5 விழுக்காட்டினருக்கு விழித்திரைப் பாதிப்பும், 4 விழுக்காட்டினருக்குப் பார்வையைப் பறிக்கும் அளவுக்கு முற்றிய பாதிப்பும் இருப்பதாகக் கண்டது. 10.1 கோடியில் 4 விழுக்காடு என்றால் 40 லட்சம். வயது வரம்பு வேறு என்பதால் இரண்டையும் நேரடியாகப் பெருக்குவது முறையல்ல. எந்தப் பருமனில் பேசுகிறோம் என்பதற்கு மட்டும் அந்த எண் போதும்.

ரத்தம் வருகிற வழி இதுதான். பல ஆண்டுச் சர்க்கரையில் விழித்திரையின் நுண்குழாய்கள் அடைபடுகின்றன. ஆக்சிஜன் போதாத திசு, புதுக் குழாய்களை வரவழைக்கும் வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரக்கிறது. குழாய்கள் முளைக்கின்றன, ஆனால் சுவர் மெலிந்தவை. விழித்திரையை விட்டு எழும்பி ஜெல்லியின் பின்முகத்தைப் பற்றிக்கொண்டு வளர்கின்றன. வயதோடு ஜெல்லி சுருங்கும்போது அவை இழுபடுகின்றன, கிழிகின்றன. இருமியதால் வந்தது, பாரம் தூக்கியதால் வந்தது என்று நோயாளி ஒரு நாளைக் குறிப்பிடுவார். உண்மையில் அந்தக் கிழிசல் ஆண்டுக்கணக்கில் தயாராகிக்கொண்டிருந்தது. இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் மாத்திரையின் மீது பழி போடுவதும் வழக்கம். தினம் 650 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்து 3,711 சர்க்கரை நோயாளிகளைக் கவனித்த அமெரிக்காவின் ஈ.டி.டி.ஆர்.எஸ். ஆய்வில், மாத்திரையால் விழிக் கசிவு கூடவில்லை. கண்ணுக்குப் பயந்து இதய மாத்திரையைத் தாமாக நிறுத்துவது நஷ்டக் கணக்கு.

சர்க்கரை இல்லாதவர்களும் இருக்கிறார்கள். 1880இல் பர்மிங்ஹாமில் ஹென்றி ஈல்ஸ் என்ற மருத்துவர், இளைஞர்களுக்குத் திரும்பத் திரும்ப விழிக்குள் ரத்தம் கசிவதை எழுதி வைத்தார். அவர் பெயரிலேயே வழங்கும் அந்த நோய் மேலை நாடுகளில் அருகிவிட்டது. இந்தியாவில் இன்றும் 20 முதல் 40 வயதுக்குட்பட்ட ஆண்களிடம் கண் மருத்துவர்கள் அதைப் பார்க்கிறார்கள். காசநோய்க் கிருமியோடு அதற்குத் தொடர்பு உண்டு என்ற ஐயம் நீண்ட காலமாக இருக்கிறது. 25 வயதில் வருகிற கசிவுக்கும் 65 வயதில் வருகிற கசிவுக்கும் ரத்த அளவு ஒன்றாக இருக்கலாம். முன்னவருக்கு மீதமிருப்பது 35 ஆண்டு உழைப்பு.

காத்திருப்புக்கு ஒரு பில்

‘ரத்தம் தானா கரைஞ்சிடும், கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்’ என்ற வாக்கியம் மருத்துவமனையிலும் கேட்கும், வீட்டிலும் கேட்கும். அது பொய்யில்லை. விழி ஜெல்லியிலிருந்து ரத்தம் நாளொன்றுக்குச் சுமார் 1 விழுக்காடு என்ற வேகத்தில் அகல்கிறது. எஞ்சியதில் ஒரு விழுக்காடு, அடுத்த நாள் அதிலும் எஞ்சியதில் ஒரு விழுக்காடு என்று கணக்கிட்டால் 30ஆம் நாளில் 74 விழுக்காடு அப்படியே இருக்கும். பாதியாகக் குறைய 69 நாள். 90ஆம் நாளில் இன்னும் 40, ஆறு மாதத்தில் 16. உடம்பின் மற்ற இடங்களில் ரத்தக்கட்டு இரண்டு வாரத்தில் மறைவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த மந்தம் நம்பக் கடினமாக இருக்கும். வயதானவர்களிடம் ஜெல்லி நீர்த்திருந்தால் கொஞ்சம் வேகமாகக் கரையும். தலையணையை உயர்த்தி, தலை மேலே இருக்கும்படி தூங்கச் சொல்வது ரத்தம் கீழே படிந்து நடுப்பார்வை விடுபடட்டும் என்பதற்காக. இதற்குச் செலவு ஒரு தலையணை.

பொறுப்பதற்கு மருந்துக் கடையில் பில் வராது என்பதால் அதை இலவசம் என்று எண்ணிவிடுகிறோம். இந்தக் கட்டுரையில் நான் சண்டை போட விரும்புவது அந்த எண்ணத்தோடுதான். ரத்தத்துக்குப் பின்னால் இருக்கும் விழித்திரை, மருத்துவரின் கண்ணுக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் லேசர் போட முடியாது. லேசர் போடாத இடத்தில் புதுக் குழாய்கள் வளர்வது நிற்காது; தழும்புச் சவ்வாக மாறி விழித்திரையை இழுத்துப் பெயர்க்கும். செத்த சிவப்பணுக்களின் ஓடுகள் கண்ணின் முன்னறைக்கு வந்து வடிகாலை அடைத்தால் கண் அழுத்தம் ஏறும்; அது பார்வை நரம்பையே தின்னும். ஆகவே பொறுத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் மற்றொரு பக்கத்தில் பற்று எழுதிக்கொண்டே போகிறது.

எப்போது பொறுக்கவே கூடாது என்பதற்கும் ஓர் எண் உண்டு. சர்க்கரை இல்லாத, ஐம்பது அறுபது வயதுக்காரருக்கு ஜெல்லி விழித்திரையை விட்டுத் திடீரென்று பிரியும்போது ரத்தமும் கசிந்தால், பத்தில் ஏழு பேருக்கு விழித்திரையில் கிழிசல் இருக்கும். ரத்தம் இல்லாமல் ஜெல்லி மட்டும் பிரிந்தவர்களிடம் அந்த அபாயம் நூறில் ஒற்றை இலக்கம்தான். கிழிசலைச் சுற்றி அன்றே லேசர் போட்டால் சில நிமிட வேலை. விட்டால் விழித்திரை முழுதும் பெயர்ந்து பெரிய அறுவை சிகிச்சையாகிவிடும். ரத்தத்தைத் தாண்டிப் பார்க்க இமை மேல் ஜெல் தடவி எடுக்கும் பி-ஸ்கேன் போதும். ஒளி நுழையாத இடத்தில் ஒலி நுழையும். சில நூறு ரூபாய் முதல் ஆயிரத்துச் சொச்சம் வரை ஆகும் அந்தச் சோதனையை, ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று தள்ளுவதுதான் இந்த நோயில் நடக்கிற மோசமான சிக்கனம்.

616 கண்கள்

சர்க்கரை நோயாளிக்கு ரத்தம் கலந்த ஜெல்லியை எப்போது அறுத்து எடுப்பது என்பதை ஊகத்திலிருந்து எண்ணுக்குக் கொண்டுவந்தது டி.ஆர்.வி.எஸ். என்ற அமெரிக்க ஆய்வு. 1985இல் அதன் முக்கிய முடிவு வெளிவந்தது. கடும் கசிவால் பார்வை 5/200 அல்லது அதற்கும் கீழே போன 616 கண்கள். ஐந்தடி தூரத்தில் நின்றால்தான், மற்றவர்களுக்கு 200 அடியில் தெரியும் எழுத்து தெரியும் என்பது அதன் பொருள். குலுக்கல் முறையில் ஒரு பாதிக்கு உடனே அறுவை சிகிச்சை. மறு பாதிக்கு ஓராண்டு பொறுத்துப் பிறகு.

இரண்டு ஆண்டு கழித்து 10/20 அல்லது அதற்கு மேல் பார்வை பெற்றவர்கள்: உடனே அறுத்தவர்களில் 25 விழுக்காடு, பொறுத்தவர்களில் 15. நம்மூர்க் கண் மருத்துவமனைச் சீட்டில் எழுதும் கணக்கில் அது 6/12. செய்தித்தாளின் எழுத்தைப் படிக்கக்கூடிய பார்வை. பத்து விழுக்காட்டு வித்தியாசம். ஆனால் அதைப் பிரித்துப் பார்த்தபோதுதான் உண்மையான சங்கதி வெளிப்பட்டது. சிறுவயதிலேயே இன்சுலின் ஊசியில் வாழும் முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளில் 36க்கு 12. மூன்று மடங்கு. நடுவயதுக்கு மேல் வரும் இரண்டாம் வகையில் 16க்கு 18. அதாவது பொறுத்தவர்கள் எதையும் இழக்கவில்லை.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு ‘இரண்டாம் வகையா, பொறுக்கலாம்’ என்று முடிவெடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த 616 கண்களும் 1970களின் கடைசி, 80களின் தொடக்கக் கருவிகளால் அறுக்கப்பட்டவை. கண்ணுக்குள்ளேயே லேசர் போடும் வசதி அப்போது பரவலாக இல்லை. இன்றைய கருவியோடு இன்றைய கையில் அந்த ஆய்வை மறுபடி நடத்தினால் உடனே அறுப்பதன் பக்கம் தட்டு இன்னும் தாழும் என்றே நான் நினைக்கிறேன். பெரும்பாலான விழித்திரை அறுவை மருத்துவர்களும் இப்போது ஓராண்டெல்லாம் காத்திருப்பதில்லை. முன்பே லேசர் முழுதாகப் போட்ட கண் என்றால் ஒன்றிரண்டு மாதம் பொறுப்பார்கள்; லேசரே பார்க்காத கண், மறு கண்ணிலும் பார்வை இல்லாதவர், விழித்திரை இழுபடும் கண் என்றால் அவ்வளவுகூட இல்லை.

2.3 மில்லிமீட்டரிலிருந்து 0.4 வரை

1970க்கு முன் ஜெல்லியைத் தொடுவது கண்ணை இழப்பதற்குச் சமம் என்றுதான் மருத்துவம் நம்பியது. 1960களில் மயாமியில் டேவிட் காஸ்னர், கருவிழியைத் திறந்து, ஜெல்லியை வெட்டி வெளியே எடுத்தும் கண் பிழைக்கும் என்று காட்டினார். அதே ஊரின் பாஸ்கம் பாமர் கண் மருத்துவ நிலையத்தில் இருந்த ராபர்ட் மாக்கமர், 1933இல் ஜெர்மனியின் முன்ஸ்டரில் பிறந்தவர், கண்ணைத் திறக்காமல் சிறு துளை வழியாக அதே வேலையைச் செய்யப் பார்த்தார். ஊசிக் குழலுக்குள் துளைப்பான் முனையைச் சுழலவிட்டு, கோழி முட்டையின் வெள்ளைக்கருவை உறிஞ்சி எடுத்துச் சோதித்தது தன் வீட்டு கார் கொட்டகையில். முட்டைச் செலவைத் தவிர அந்தச் சோதனையில் பெரிதாக எதுவும் ஆகியிருக்காது. 1970 ஏப்ரல் 20 அன்று முதல் நோயாளிக்கு அந்த முறையில் அறுவை நடந்தது; சர்க்கரையால் விழிக்குள் ரத்தம் தேங்கிக் கிடந்தவர் அவர்.

வெட்டு, உறிஞ்சல், நீர் செலுத்தல் மூன்றும் ஒரே குழலில் இருந்ததால் மாக்கமரின் கருவிக்கு 2.3 மில்லிமீட்டர் வெட்டு வேண்டியிருந்தது. 1974இல் கானர் ஓமாலியும் ரால்ப் ஹைன்ஸும் வேலையை மூன்று துளைகளுக்குப் பிரித்தார்கள்: ஒன்றில் வெட்டும் கருவி, ஒன்றில் விளக்கு, ஒன்றில் நீர். துளை 0.9 மில்லிமீட்டராகச் சுருங்கியது. 20 கேஜ் என்பார்கள். 2002இல் 25 கேஜ், அரை மில்லிமீட்டர். 2005இல் ஜெர்மனியின் கிளாஸ் எக்கார்ட் கொண்டுவந்த 23 கேஜ். 2010இல் ஜப்பானின் யூசுகே ஓஷிமாவின் 27 கேஜ், 0.4 மில்லிமீட்டர். துளை சிறுத்ததால் தையல் பெரும்பாலும் போயிற்று. தையல் போனதால் உறுத்தலும், மருத்துவமனையில் தங்கும் நாளும் குறைந்தன. பெரும்பாலானோர் அன்றைக்கே அல்லது மறுநாள் வீடு திரும்புகிறார்கள். இங்கே துளையின் அகலம் நேரடியாகப் பணக் கணக்கைத் தொடுகிறது.

துளை போடும் இடமும் அளவெடுத்ததே. கருவிழியின் விளிம்பிலிருந்து 4 மில்லிமீட்டர்; கண்புரை அறுவை முடிந்து லென்ஸ் வைத்தவருக்கு 3.5. முன்னே போனால் லென்ஸ், பின்னே போனால் விழித்திரை. நடுவில் இருக்கும் சின்னப் பட்டையில்தான் பாதுகாப்பாக நுழைய முடியும். கண்ணைச் சுற்றி மரத்துப்போக ஊசி போட்டு, நோயாளி விழித்திருக்கும்போதே நடப்பதுதான் அதிகம்.

வெட்டும் வேகத்தின் கதை தனி. ஆரம்பகாலக் கருவிகள் நிமிடத்துக்குச் சில நூறு வெட்டு. இப்போது 5,000, 7,500, 10,000. இரட்டை அலகுள்ள புதிய வகையில் 20,000 வரை. 10,000 வெட்டில் பத்து நிமிடம் ஓடினால் ஒரு லட்சம் வெட்டு. எடுக்க வேண்டிய ஜெல்லி 4 மில்லிதான் என்பதால், சராசரியாக ஒரு வெட்டுக்கு 0.04 மைக்ரோலிட்டர் வருகிறது. இந்த அற்ப அளவுதான் பாதுகாப்பு. பெரிய துண்டாகக் கடித்து இழுத்தால் ஜெல்லியோடு ஒட்டிய விழித்திரையும் சேர்ந்து வரும். எடுத்த ஜெல்லி திரும்ப வளராது. அந்த இடத்தை முதலில் உப்புக் கரைசலும் பிறகு கண் தானே சுரக்கும் நீரும் நிரப்பும். மேடைக்கு மேலே தொங்கும் கரைசல் பாட்டில் 500 மில்லி, ஜெல்லியைப் போல் 125 மடங்கு. கண் அமுங்கிவிடாமல் இருக்க, வெளியே போகிற அளவுக்கு உள்ளே நீர் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

ரத்தத்தை எடுப்பது இந்த வேலையில் பாதி. மீதிப் பாதி, ரத்தம் மறைத்திருந்த விழித்திரைக்கு உள்ளிருந்தே லேசர் போடுவது, இழுத்துக்கொண்டிருக்கும் சவ்வை உரிப்பது. சவ்வு உரிக்கும்போது கிழிந்தால் வாயுவோ சிலிக்கான் எண்ணெயோ நிரப்ப நேரும். கந்தக ஹெக்ஸாஃப்ளூரைடு வாயு சுமார் இரண்டு வாரம் தங்கும்; பெர்ஃப்ளூரோபுரோபேன் ஆறு முதல் எட்டு வாரம். வாயு முழுதும் கரையும் வரை விமானம் ஏறக் கூடாது, மலையேறவும் கூடாது. உயரத்தில் அழுத்தம் குறைய வாயு விரிந்து கண்ணை நெரிக்கும். மதுரையில் வாயு நிரப்பிக்கொண்டவர் கொடைக்கானல் வீட்டுக்குப் பேருந்தில் ஏறினாலும் அதே ஆபத்துதான். எண்ணெய் என்றால் தானாகக் கரையாது, சில மாதத்தில் இன்னொரு அறுவை செய்து எடுக்க வேண்டும். முதல் நாள் கொடுக்கும் மதிப்பீட்டுச் சீட்டில் இந்த இரண்டாவது அறுவை பெரும்பாலும் இருக்காது. கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

ஊசியா, கத்தியா

இப்போது ஒரு மாற்றுவழி இருக்கிறது. புதுக் குழாய்களை வரவழைக்கும் புரதத்தையே முடக்கும் மருந்தை விழிக்குள் ஊசியாகப் போடுவது. ஊசிக்கு 0.05 மில்லி, அதாவது ஒரு சொட்டு. குழாய்கள் வாடும், ரத்தம் தன் போக்கில் கரையும். அமெரிக்காவின் டி.ஆர்.சி.ஆர். ஆய்வுக் குழு இதை அறுவையோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்து 2020இல் முடிவை வெளியிட்டது. 205 கண்கள், 100 கண்ணுக்கு மாதம் ஒன்றாக நான்கு அஃப்ளிபர்செப்ட் ஊசியில் தொடக்கம், 105 கண்ணுக்கு அறுவையும் லேசரும். நூறு எழுத்துள்ள பார்வைப் பலகையில் 24 வார சராசரி, ஊசிக்காரர்களுக்கு 59.3, அறுவைக்காரர்களுக்கு 63.0. இரண்டாண்டு முடிவில் 73.7, 71.0. புள்ளியியல் இரண்டையும் சமம் என்கிறது.

சமம் என்று அங்கேயே நிறுத்திவிட்டால் நோயாளிக்கு ஏமாற்றம். நான்காவது வாரத்தில் ஊசிக்காரர்கள் 52.6 எழுத்து, அறுவைக்காரர்கள் 62.3. பலகையில் ஐந்து எழுத்து ஒரு வரி; ஏறக்குறைய இரண்டு வரி வித்தியாசம். ரத்தம் தெளிய ஆன காலத்தின் நடுமதிப்பு அறுவையில் 4 வாரம், ஊசியில் 36 வாரம். மறுபடி கசிந்தது அறுவையில் 15 விழுக்காடு, ஊசியில் 49. ஊசிப் பிரிவில் மூன்றில் ஒருவர் கடைசியில் அறுவைக்கே போனார். இரண்டாண்டுக்குப் பிறகு ஒரே இடத்தில் நிற்பவர்கள், அதற்கு முன்னான எட்டு மாதத்தை ஒரே மாதிரி வாழவில்லை. ஓய்வூதியக்காரருக்கு அது பொறுக்கக்கூடிய எட்டு மாதம். லாரி ஓட்டுநருக்கோ தையல்காரருக்கோ அது வேலை போகிற எட்டு மாதம்.

பணத்துக்கு வருவோம். அமெரிக்காவில் அஃப்ளிபர்செப்ட் ஊசி ஒன்று வெகுகாலம் சுமார் 1,850 டாலர். தொடக்க நான்கு ஊசிக்கே 7,400 டாலர். புற்றுநோய்க்கென்று செய்யப்பட்ட பெவசிசுமாப் இதே புரதத்தைத்தான் முடக்குகிறது. 2011இல் வெளியான கேட் ஆய்வு, வேறொரு விழித்திரை நோயில், 50 டாலர் பெவசிசுமாபும், அதே புரதத்தை முடக்கும் 2,000 டாலர் ரானிபிசுமாபும் பார்வையில் ஒரே பலன் தருவதாகக் காட்டியது. நாற்பது மடங்கு விலை. எப்படி இத்தனை மலிவு என்றால், பெவசிசுமாப் குப்பி 4 மில்லியில் 100 மில்லிகிராம். கண்ணுக்கு வேண்டியது 1.25. காகிதக் கணக்கில் ஒரு குப்பி 80 கண்ணுக்கு வரும். சிரிஞ்சில் தங்குவது, கழிப்பது எல்லாம் போக நடைமுறையில் குறைவு. பிரித்து நிரப்பும்போது கிருமி சேராமல் பார்ப்பதில்தான் இந்த மலிவின் ஆபத்து இருக்கிறது. 2015இல் ரானிபிசுமாபின் உலகின் முதல் ஒத்த மருந்து இந்தியாவிலேயே வந்த பிறகு, இங்கே விலை இடைவெளி கொஞ்சம் சுருங்கியது. ஊசியே தன்னளவில் பாதுகாப்பானது. விழிக்குள் கடும் கிருமித் தொற்று வருவது சுமார் 2,000 ஊசிக்கு ஒன்று.

ஊசியின் மெய்யான விலை அது திரும்பத் திரும்ப வரச் சொல்வதில் இருக்கிறது. 2015இல் வந்த இன்னொரு டி.ஆர்.சி.ஆர். ஆய்வில், கசிவுக்கு முந்தைய கட்டத்தில், லேசருக்குப் பதில் ஊசி போட்டவர்களுக்கு இரண்டாண்டில் நடுமதிப்பாக 10 ஊசி ஆயிற்று. அவர்களில் 4 விழுக்காட்டினருக்கே அறுவை தேவைப்பட்டது. லேசர் போட்டவர்களில் 15. ஊசிக்குப் பெரிய வெற்றி. ஆனால் அது வரச் சொன்ன நாளில் வந்தவர்களின் கணக்கு. வராமல் ஆறு மாதத்துக்கு மேல் காணாமல்போய்த் திரும்பியவர்களின் 76 கண்களை அமெரிக்காவிலேயே ஒரு குழு பிறகு பார்த்தது. ஊசி மட்டும் போட்டிருந்த 30 கண்களில் 10இல் விழித்திரை இழுபட்டுப் பெயர்ந்திருந்தது. லேசர் போட்டிருந்த 46இல் ஒன்றில் மட்டும்.

தமிழ்நாட்டுக்கு இதைவிட முக்கியமான எண் இந்தத் துறையில் இல்லை என்பது என் கருத்து. 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். நோயாளியும் துணைக்கு ஒருவருமாகப் பத்து முறை நகரத்துக்கு வந்து போனால், மருந்தை விடுங்கள், பேருந்துச் செலவையும் விடுங்கள், கூலி நஷ்டம் மட்டும் 6,720 ரூபாய். இரண்டாண்டில் பத்துத் தடவை. மூன்றாவது தடவையோடு நின்றுவிடுகிற குடும்பத்தை யாரும் குறை சொல்ல முடியாது. நிற்கப்போகிறவருக்கு லேசரும், தேவையானால் அறுவையும்தான் பாதுகாப்பு. மருந்துச் சீட்டு எழுதும்போது ஊரின் பேருந்து நேரத்தையும் கேட்கிற மருத்துவர் இந்தக் கணக்கை அறிந்தவர்.

நம்மூர் பில்

தமிழகத் தனியார் மருத்துவமனைகளில் இந்த அறுவைக்குப் பொதுவாகச் சொல்லப்படுவது 40,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சம் வரை. எண்ணெய், வாயு, கூடவே கண்புரை என்று சேர்ந்தால் அதற்கும் மேல். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் வெட்டுக்கருவிப் பொதி அதில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்ளும். கீழ்வரம்பான 40,000ஐ 336ஆல் வகுத்தால் 119 நாள் கூலி. நூறு நாள் வேலையின் முழு ஆண்டு ஒதுக்கீட்டையும் ஒரு குடும்பம் வாங்கியிருந்தாலும் அந்த ஆண்டு 33,600தான் வந்திருக்கும்.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் காப்பீடு. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீடாகத் தொடங்கி, 2012 ஜனவரியிலிருந்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடாக நடக்கிற திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதத்துக்கு வகுத்தால் 10,000. பதினோராயிரம் சம்பளம் வாங்குகிற ஜவுளிக்கடை ஊழியர் காகிதத்தில் வெளியே நிற்கிறார். ஒரு லட்சம் ரூபாய் பில்லுக்கு அவரும் வெளியேதான். 1819இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, 1976இல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த், 1978இல் சென்னையில் வந்த சங்கர நேத்ராலயா என்று இலவசமாகவோ சலுகையிலோ பார்க்கும் இடங்கள் இந்த மாநிலத்தில் இருப்பது, இந்தியாவின் பல மாநிலங்களுக்கு இல்லாத வரவு.

பில்லில் வராத பாக்கி ஒன்றும் உண்டு. ஜெல்லி எடுத்த கண்ணில், 50 வயது தாண்டியவர் என்றால், இரண்டாண்டுக்குள் கண்புரை வளர்வது விதி போல நடக்கும். பத்தில் ஆறு முதல் எட்டுப் பேர் வரை. அதனால் சில இடங்களில் ஒரே மேடையில் இரண்டையும் முடித்துவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி மங்கும்போது ‘ஆபரேஷன் ஃபெயிலாகிவிட்டது’ என்று பயந்து இன்னொரு ஊருக்கு ஓடுபவர்கள் உண்டு. கண்புரையா, மறுகசிவா என்று முதலில் பார்த்தால் ஓட்டம் மிச்சம்.

இத்தனைக்கும் ஈடாகக் கிடைப்பது என்ன? 2001இல் வெளியான ஓர் அமெரிக்கக் கணக்கீடு, சர்க்கரைக் கசிவுக்கு முன்கூட்டியே அறுவை செய்வதில், நல்ல ஆரோக்கியத்தோடு வாழும் ஓராண்டைப் பெற ஆகும் செலவு 1,910 டாலர் என்றது. பிரிட்டனில் ஒரு சிகிச்சை அரசுப் பணத்துக்குத் தகுமா என்று பார்க்கும் அமைப்பு, அதே ஓராண்டுக்கு நெடுங்காலம் 20,000 முதல் 30,000 பவுண்டு வரை ஏற்றுக்கொண்டிருந்தது. அந்த வரம்பில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு ஆகவில்லை. ஆனால் இதைவிடவும் மலிவு லேசர். கசியும் நிலைக்கு வந்துவிட்ட புதுக் குழாய்கள் உள்ள கண்களில், 1970களின் டி.ஆர்.எஸ். ஆய்வுப்படி, இரண்டாண்டில் கடும் பார்வை இழப்பு லேசர் இல்லாமல் 26 விழுக்காடு, லேசரோடு 11. சுமார் 1,200 முதல் 1,600 பொட்டுகள், ஒன்று முதல் மூன்று தடவை உட்கார வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை கண்மணி விரிக்கும் சொட்டு விட்டுப் பார்த்தால்தான் அந்தக் குழாய்கள் கண்ணில் படும். சொட்டு விட்ட பிறகு நாலு மணி நேரம் மங்கும் என்பதற்காகவே அந்தப் பரிசோதனையைத் தவிர்ப்பவர்கள் நிறைய.

முன்பு சொன்ன ஈ.டி.டி.ஆர்.எஸ். ஆய்வின் 3,711 பேரில் கடைசியில் விழி ஜெல்லி அறுவைக்கு வந்தவர்கள் 208. காரணம் 53.9 விழுக்காட்டுக் கண்களில் கசிவு. மற்றவற்றில் விழித்திரை பெயர்தல். மேடையேறும் முன் மூன்றில் இரண்டு கண்கள் 5/200 அல்லது அதற்கும் கீழே. ஓராண்டு கழித்து 47.6 விழுக்காடு 20/100ஐத் தொட்டன, 24 விழுக்காடு 20/40ஐ, அதாவது 6/12ஐ. இதில் கண்களின் எண்ணிக்கை 243. அதாவது 35 பேருக்கு இரண்டு கண்ணிலும் அறுவை நடந்திருக்கிறது. ஒரு கண்ணில் ரத்தம் என்று வந்தவருக்கு மருத்துவர் மறு கண்ணிலும் சொட்டு விடச் சொல்வதும், ‘அது நல்லாத்தானே டாக்டர் தெரியுது’ என்று அவர் முனகுவதும் புறநோயாளிப் பிரிவில் அன்றாடம் கேட்கிற பேச்சு. லேசர் போட இடம் தெளிவாகத் தெரிகிற கண் அன்றைக்கு அவரிடம் அது ஒன்றுதான்.